சோயா மொச்சையும் சென்னிமலைப் படியும்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: யுவ வருஷம் ஆவணி மாதம், பெருந்துறைக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் மனித குலத்தின் பலவீனம் ஒழிந்தது. மூட்டுவலி, சோகை, சர்க்கரை வியாதி, மூச்சிரைப்பு எல்லாம் நடையைக் கட்டின. ஒழித்தவர் நஞ்சுண்டக் கவுண்டர். ஆயுதம், பரோடாப் பக்கமிருந்து ரயிலில் வந்திறங்கிய ஒரு மூட்டை சோயா மொச்சை.

பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆட்டுக்கறியைவிடச் சத்து, பாலைவிடப் புஷ்டி, சீனாக்காரர்களின் தெம்புக்கே இதுதான் காரணம் என்று. கவுண்டருக்குத் தம்மைப் பற்றி ஒரு விஷயம் தெரியும்: எந்தக் கட்டுரையையும் பாதி படித்ததும், அதை எழுதியதே தாம்தான் என்ற நினைப்பு வந்துவிடும். சமையல் முறை மீதிப் பாதியில் இருந்தது.

"ஏனுங்க, இதை எப்படீங்க ஆக்குறது?" என்று கேட்டார் மனைவி நாச்சியம்மாள்.

"கொள்ளு மாதிரித்தான் புள்ள. அதைவிட ஒசத்தி, அவ்வளவுதான்."

அன்று முதல் மத்தியானச் சோற்றுக்குச் சோயாச் சாறு. பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு மணக்க மணக்க வரும். கவுண்டர் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, உடம்புக்குள் ஏதோ சுறுசுறுவென்று ஓடுவதைக் கவனிப்பார். ஓடியது மிளகு. அவர் அதைச் சத்து என்று எடுத்துக்கொண்டார்.

மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் ஊரார் கூடி ஊர்க்கதையும் வம்புமாக நாயம் பேசும்போது, நாச்சியம்மாளின் தம்பி தம்பிதுரை வாயைக் கிளறினான்.

"போன தைப்பூசத்துக்குச் சென்னிமலையில படிக்குப் படி உக்காந்தீங்களே மச்சான், சாமி பார்க்கப் போனீங்களா, படியைப் பார்க்கப் போனீங்களா?"

"இந்த வருசம் உக்காராமப் போறனா இல்லையா பாரு! உக்காந்துபோட்டேன்னா, இனி ஊர் நாயத்துல நான் வாயே தொறக்க மாட்டேன்!"

ஊருக்கு எப்படியும் லாபம்தான். கவுண்டருக்குத்தான் சங்கடம். சோறில்லாமல்கூட இருந்துவிடுவார், நாயம் பேசாமல் அவரால் இருக்க முடியாது.

தைப்பூசத்தன்று அடிவாரத்தில் வண்டி நின்றதும் கூட்டம் காளைகளைச் சூழ்ந்துகொண்டது. "என்னங்க தீனி? தோலு இப்படி மினுங்குதே!"

"பருத்திக்கொட்டைதானுங்க. மாட்டை உடுங்க, என்னைப் பாருங்க" என்று கவுண்டர் கையை முறுக்கிக் காட்டினார். கை முறுக்கிக்கொண்டது, சதை வரவில்லை.

சோயாவின் மகிமையைப் பேசிக்கொண்டே ஏறினார். கொஞ்ச தூரத்தில் பேச்சு நின்றது. அப்புறம் கால் நின்றது. காவடிக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கினார், வேட்டியைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, இத்தனை மாதமாகப் பலம் ஏறியது தம் வாய்க்கு மட்டும் என்று.

"சத்தெல்லாம் முன்னால போயிருச்சுங்களா மச்சான்?" என்றான் தம்பிதுரை, மிகுந்த மரியாதையோடு.

வீடு திரும்பியதும் கவுண்டர் கத்தினார். "இத்தனை நாளா அந்தக் கருமத்தைத் தின்னும் இந்தக் கதியா?"

"நீங்க எங்கீங்க தின்னீங்க?" நாச்சியம்மாளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "வடிச்ச தண்ணி உங்களுக்குச் சாறு, வெந்த கொட்டை மாட்டுக்கு. நம்மூட்டுல கொள்ளு அப்படித்தானுங்களே? நீங்கதானே கொள்ளு மாதிரின்னீங்க?"

கவுண்டர் தொழுவத்தில் மினுங்கும் காளைகளைப் பார்த்தார். பிறகு துள்ளி எழுந்தார். தோற்றது சாறு! சோயா இன்னும் களத்தில் இறங்கவே இல்லை!

மறுநாள் வேகவைத்த சோயாவை ஒரு சட்டி நிறைய எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்.

"வாயைத் தொறக்கக் கூடாதுங்களே, மச்சான்?"

"பேசறதுக்கில்லடா, திங்கறதுக்கு!"

"இதுவே பேச்சுத்தானுங்க."

ஆனாலும் நடந்ததை முழுக்கச் சொல்ல விட்டார்கள். காளைகளை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பெரியவர்கள் கலந்து பேசித் தீர்ப்புச் சொன்னார்கள்: அடுத்த தைப்பூசம் வரை கவுண்டர் தினமும் கொட்டையையே தின்ன வேண்டும், தின்றால் இன்று முதலே அவர் பேச்சு செல்லும்.

"இப்பவே ஆரம்பிங்க. நாங்களும் கண்ணுல பார்த்துக்கறோம்."

கவுண்டர் ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டார். ஊரே அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மென்றார்.

அவருக்குச் சோயா பிடிக்கவில்லை.