ஓங்கல் பார்க்கப் போன பஸ்

அப்பாவின் டி-சர்ட் ஓரத்தில் தொங்கிய பிசிறு நூலை ஆஷா வெட்டிக்கொண்டிருந்தாள். கழற்றித் தர அவருக்குப் பொறுமையில்லை. போட்டபடியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அசையாதீங்கப்பா, இடுப்புல குத்திரும்."

"குத்துனா என்ன, நாளைக்கு உப்புத்தண்ணி பட்டு ஆறிரும்" என்றார் அந்தோணிராஜ்.

நீல டி-சர்ட். நெஞ்சில் துள்ளும் டால்பின், அதற்குக் கீழே கம்பெனியின் பெயர். ஏற்றுமதியில் கழித்துப்போட்ட துணியில் தைத்து பிரிண்ட் அடித்தது. பெரிய ஆர்டர் ஒன்றை நாள் தவறாமல் கப்பலேற்றிய சந்தோஷத்தில் முதலாளி ஆட்களை இரண்டு பேட்சாகக் கடல் பார்க்க அனுப்புகிறார். டூர் ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸில் 'டால்பின் நிச்சயம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படித்த அன்றைக்கே, டால்பினை ஓங்கல் என்றே சொல்லிப் பழகிய அந்தோணிராஜ் கேட்டார்: "நிச்சயமா வாரதுக்கு ஓங்கலுக்கு இவன் சம்பளமா குடுக்கான்?"

இப்போது அவர் அந்தப் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஆஷாவுக்கு ஆறு வயதாகும்வரை தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அது தெரிந்துதான் மேனேஜர் மோகன்ராஜ் அவரை விடவில்லை. "நீங்க கடல்ல பொழங்குனவருங்க. கூட வந்தீங்கன்னா எங்களுக்கும் தெகிரியமுங்க."

அந்தோணிராஜ் மூன்று விஷயம் சொன்னார். தூரத்திலேயே எஞ்சினைத் தணித்துவிட வேண்டும். ஓங்கலுக்குக் குறுக்கே போகக் கூடாது. குட்டியோடு நின்றால் திரும்பிவிட வேண்டும். மூன்றுக்கும் மோகன்ராஜ் "ஆகட்டுங்க" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் போனது. திங்கட்கிழமை மதியம் அந்தோணிராஜ் ஆம்புலன்ஸில் வந்தார்.

முதலிபாளையத்து லைன் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியை வைத்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே பஸ்ஸும் வந்துவிட்டதால் யாரும் வீட்டுக்குப் போய் உடை மாற்றியிருக்கவில்லை. பெட்டியைச் சுற்றி அதே நீல டி-சர்ட்டுகள். ஆஷா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு டால்பின் துள்ளியது. யாரோ வாங்கி வந்த கருவாட்டுப் பை வெயிலில் காயவேண்டாம் என்று பெட்டிக்கு அடியில் செருகப்பட்டிருந்தது. மெழுகுவர்த்தி வாசனைக்கு மேலே அந்த வாடை ஏறி வந்தது. அவள் குனிந்து பையை இழுத்துத் தெருவில் வைத்தாள். ஒரு பெண் ஓடி வந்து, "நம்முளுதுங்க" என்று எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு டெய்லர் கன்னையன் அப்பாவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து போனவர். அவர்தான் தாழ்ந்த குரலில் ஆஷாவுக்குச் சொன்னார்.

"படகுல ஏறுனதும் எல்லாத்துக்கும் லைஃப் ஜாக்கெட் குடுத்தாங்க கண்ணு. அப்பறம் போட்டோ எடுக்கறதுக்கு, டி-சர்ட்டுல கம்பெனி பேரு தெரியலீன்னு கழட்டச் சொன்னாங்க. அப்பா முடியாதுன்னாரு. எல்லாருங் கழட்டிட்டோம், நீங்க மட்டும் ஆரஞ்சுக் கலர்ல நின்னா நல்லாவா இருக்கும்னு மேனேஜர் கெஞ்சுனாரு. சரி, ஒரு நிமிசந்தானேன்னு கழட்டுனாரு. அப்பப் பாத்து டால்பின் வந்துருச்சு."

"அப்புறம்?"

"ஒட்டுக்கா எல்லாரும் ஒரு பக்கமா ஓடுனாங்க. ஓட்டுறவன் எஞ்சின முறுக்குறான். எதுத்தாப்புல இன்னொரு படகு, அவனும் அதையேதான் தொரத்தீட்டு வாறான். நடுவுல தாயும் குட்டியும். எஞ்சினை அமத்துலேன்னு கத்தீட்டு அப்பா எந்திரிச்சுப் போனாரு. ரெண்டு படகும் இடிச்சுது. அப்பா தலைல அடிபட்டுத் தண்ணிக்குள்ள உழுந்துட்டாரு."

பெட்டிக்குள் அப்பாவின் தலையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கூட்டம் கூடியது. பேக்கிங் செக்சன் ஆள் ஒருவன் கேமரா போனைக் கையில் பிடித்திருந்தான். ஆஷா போனதும் வழி விட்டார்கள். "அப்பா கொரலு இதுல கேக்குதுங்க" என்று மரியாதையாக நீட்டினான்.

சின்னத் திரையில் தண்ணீர். இரண்டு முதுகுகள், ஒன்று பெரியது, ஒன்று மிகச் சிறியது. கைதட்டல், விசில். படத்தில் இல்லாத ஒரு இடத்திலிருந்து, "அமத்துலே! குட்டி நிக்கி, அமத்து!" பிறகு ஒரு மொத்தென்ற சத்தம். படம் ஆடியது, வானம் தெரிந்தது. மறுபடி நிலைக்கு வந்து, பொறுமையாகத் தேடி, டால்பினையே பிடித்தது. அலறல்களுக்கு நடுவில் ஒரு ஆண் குரல், "அங்க பாரு, அங்க பாரு" என்றது.

"மறுக்காப் போடு" என்றார்கள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. "குட்டி எகிறுச்சே, அது எனக்குத் தெரியல."

ஆஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

திரும்பி வந்தபோது மோகன்ராஜ் காத்திருந்தார். கையில் டைப் அடித்த காகிதம். குரல் பஞ்சுபோல இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க கண்ணு. படகு ஓட்டுன பையன் மேல கேசு ஆயிருமாட்ட இருக்குது. உங்கப்பா அவராத்தான் எந்திரிச்சாருன்னு வீட்டாளுக ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, எல்லாத்துக்கும் நிம்மதி."

"அவராத்தானுங்க எந்திரிச்சாரு. எதுக்கு எந்திரிச்சாருன்னும் எழுதிக்கலாமுங்களா?"

"அதெதுக்குங்க இந்த நேரத்துல?"

"ரெண்டாவது பேட்ச் போகுதுங்களா?"

"பேரெல்லாம் குடுத்துட்டாங்க கண்ணு. ஆசையா இருக்கறாங்க. வேண்டாம்னா வருத்தப்படுவாங்க."

"அதே படகுக்காரனுங்களா?"

மோகன்ராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

ஆஷா திரும்பினாள். "கன்னையண்ணா, எங்கிட்டச் சொன்னத இவருகிட்டச் சொல்லுங்க."

கன்னையன் தன் நெஞ்சிலிருந்த டால்பினின் வாலை நகத்தால் சுரண்டினார். பிரிண்ட் பொடியாக உதிர்ந்தது. "எஞ்சின் சத்தமுங்க" என்றார். "ஒண்ணும் சரியாக் கேக்கலீங்க."

பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "போட்டுக் குடுத்திரு தாயி. மனுசன நேரத்தோட அடக்கம் பண்ணணும்."

ஆஷா பேனாவை வாங்கினாள். டைப் அடித்த வரிகளுக்குக் கீழே இடம் நிறைய இருந்தது. தூரத்திலேயே எஞ்சினைத் தணிக்க வேண்டும். குறுக்கே போகக் கூடாது. குட்டியோடு நின்றால் திரும்பிவிட வேண்டும். அப்பா சொன்னது மூன்றுதான். லைஃப் ஜாக்கெட்டை எதற்காகவும் கழற்றக் கூடாது என்று நாலாவதாக அவளே சேர்த்தாள். முதல் மூன்றையும் சொல்லத்தான் அவர் எழுந்தார் என்று எழுதி, அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மோகன்ராஜ் நின்றபடியே முழுவதும் படித்தார். நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க கண்ணு" என்றார்.

அன்று சாயங்காலமே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஷா கம்பெனி கேட்டுக்குப் போனாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பார்த்ததைச் சொல்லக் கன்னையன் வரவில்லை. மோகன்ராஜ் அவளைப் பார்த்ததும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். அவள் பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பாட்டு நின்றது.

"ஜாக்கெட்டக் கழட்டச் சொன்னா கழட்டாதீங்க. எஞ்சினத் தணிக்கலீன்னா எல்லாரும் சேந்து கத்துங்க. ஒரு ஆளு கத்துனாப் பத்தாது."

எல்லோரும் தலைகுனிந்து கேட்டார்கள். "சரி கண்ணு" என்றார்கள். ஜன்னலோரம் இருந்த ஒருவர் ரொம்ப மெதுவாக, "டால்பின் வருமில்லீங்க?" என்று கேட்டார்.

செக்கிங் செக்சன் ஒச்சம்மாள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "எனக்கு நீச்சத் தெரியாது தாயி. நான் இங்கனயே கெடக்கேன்." ஆஷாவோடு அவளும் இறங்கினாள்.

மோகன்ராஜ் போனைக் கீழே இறக்கினார். கேட்டில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்தார்.

"ஏனுங்க அப்புசாமி, ஒரு சீட்டு இருக்குதுங்க. வாரீங்களா?"

அப்புசாமி கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, சிரித்தபடி ஏறினார். உள்ளேயிருந்து ஒரு நீல டி-சர்ட்டை அவரிடம் நீட்டினார்கள்.

டிரைவர் திரும்பித் தலைகளை எண்ணினார். ஐம்பத்திரண்டு. சரியாக இருந்தது.