ஈரலுக்குப் போகும் வழி

றொசல்ல ரயில் நிறுத்தத்துக்கு மேலே உள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சிசிலிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று பழையது. பதினாறு வருடமாக அவளுடைய கூடையை முந்திய கூடை அந்த டிவிசனில் இல்லை. மற்றது எண்பத்து நாலாம் ஆண்டு சித்திரையில் வந்தது. அவளுடைய ஈரலுக்கு மருந்து போகத் தனியாக ஒரு வழி போட்டிருந்தார்கள்.

ஈரலில் கட்டி. கொழும்பில் வயிற்றைத் திறந்து, ரத்தக்குழாய் ஒன்றுக்குள் மெல்லிய ரப்பர் குழாயை வைத்து, அதன் நுனியை வலது இடுப்புக்கு மேலே தோலின் வழியாக வெளியே எடுத்து மூடியிருந்தார்கள். பெரிய டொக்டர் கடதாசியில் படம் கீறிக் காட்டியதையும், நர்ஸ் தமிழில் சொன்னதையும் சிசிலி ஒரு சொல் சிந்தாமல் மலைக்குக் கொண்டுவந்தாள்.

"கையில ஊசி போட்டா மருந்து ஒடம்பெல்லாம் சுத்தி அலைஞ்சிட்டுத்தான் வரும் மீனம்மா. ஈரலுக்கு ரெண்டு வழியா ரத்தம் வருது. கொடல்ல இருந்து ஒன்னு, நெஞ்சில இருந்து ஒன்னு. நல்ல ஈரலு கொடல் வழியிலதான் ரொம்பக் குடிக்குதாம். கட்டி நெஞ்சு வழியிலயே வாய வச்சுக்கிட்டு இருக்கு. அங்கதான் எனக்குக் கொழாய்."

பக்கத்துத் தேயிலை நிரையில் நின்ற மீனம்மா கை நிறுத்தாமலே கேட்டாள். "கங்காணிக்கும் ஒன்னு வைக்கச் சொல்லேன். வாயில. சாராயம் அலையாமப் போவும்."

மூன்று நிரை தள்ளிக்கூடச் சிரிப்புக் கேட்டது.

இரண்டு தடவை கொழும்புக்குப் போய், ஐந்தைந்து நாள் படுத்து அந்த மருந்தை ஏற்றிக்கொண்டாள். உள்ளங்கை நிறையும் தோடம்பழம் அளவிருந்த கட்டி சின்னத் தேசிக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூன்றாம் தடவை வருகிற திங்கட்கிழமை. அதுவரை குழாய் அடைபடக்கூடாது. அடைபட்டால் இன்னொரு தரம் வயிற்றைத் திறக்க முடியாது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதனால் தோட்டத்து டிஸ்பென்சர் மரியரட்ணம் வாரத்துக்கு இரண்டு முறை, ரத்தம் உறையாமலிருப்பதற்கான மருந்தைக் கொஞ்சம் அதற்குள் செலுத்தி மூடுவார்.

வியாழக்கிழமை பகல் தோட்டத்து மருந்துச்சாலையில் அவர் குழாயின் நுனியில் கண்ணாடி ஊசியைப் பொருத்தி அழுத்தினார். தண்டு அசையவில்லை. சற்று நிதானித்து இன்னொரு முறை அழுத்தினார். கல்லில் முட்டியதைப் போல நின்றது.

"இன்னும் அமுக்குங்க ஐயா. நான் தாங்குவேன்."

"தாங்குறது பத்தி இல்லம்மா. உறைஞ்ச ரத்தம் உள்ள இருந்தா அதையும் சேர்த்துத் தள்ளிருவேன். விழுந்தீங்களா?"

"இல்ல."

"பாரம் ஏதும் வயித்தில வச்சுத் தூக்கினீங்களா?"

"கூடை தலையிலதானே தொங்குது. லேசான வேலை செய்யலாம்னு டொக்டரே சொன்னாரு."

"இடுப்பில இறுக்கமா உடுத்தினீங்களா?"

"பாவாடை நாடாகூட நெஞ்சுக்குக் கீழதான் கட்டுறேன். எதையும் மறக்கிற ஆளா நான்?"

மரியரட்ணம் ஊசியைக் கழற்றி வைத்தார். மேசைக்குப் போய்க் கடதாசியை எடுத்தார். குழாய் அடைபட்டுவிட்டது என்று கொழும்புக்கு எழுதப் போகிறார். எழுதி முடித்தால் திங்கட்கிழமை இல்லை.

சிசிலி கட்டிலில் படுத்தபடி ஜன்னலைப் பார்த்தாள். பகல் தராசில் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். மீனம்மா வழியில் நின்று, முழங்காலுக்குக் கீழே தொங்கும் படங்குச் சாக்கை இடுப்போடு சேர்த்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்து இழுத்து முடிந்தாள். தேயிலைச் செடிக்குள் நுழைகிறவள் எவளும் அதைக் கட்டாமல் போகமாட்டாள்; செடி தொடையைக் கிழித்துவிடும். சிசிலியும் நேற்று முழுக்கக் கட்டியிருந்தாள். இன்று காலையும். அது உடுப்பென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கூடையைப் போல, அதுவும் வேலைச் சாமான்.

எதையும் மறக்கிற ஆளா என்று இப்போதுதான் கேட்டிருந்தாள்.

"ஐயா, எழுதாதீங்க."

"என்னம்மா?"

"படங்கு கட்டியிருந்தேன். கயித்தோட."

அவர் பேனாவை வைத்துவிட்டு வந்தார். சேலையை விலக்கியபோது வலது விலாவின் கீழே கயிற்றுத் தடம் சிவந்து கிடந்தது. விரல் நுனியால் தோலின்மேல் மெல்லத் தடவிக்கொண்டே போனவர், தடத்துக்கு நேரே நின்றார்.

"இங்க மடிஞ்சு கெடக்கு. இடது பக்கமாத் திரும்புங்க. மூச்சப் பிடிக்க வேணாம்."

தோலை ஒரு கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, மறு கையின் பெருவிரலால் நீவினார். கால்மணி நேரம் இருக்கும். தோலுக்கடியில் ஏதோ வழுக்கி நேரானதைச் சிசிலி உணர்ந்தாள். மரியரட்ணம் புதிய ஊசியைப் பொருத்தினார். அழுத்தவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார்.

கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு நூல் வந்தது. அது தடித்தது. துடித்துத் துடித்துத் தண்டை வெளியே தள்ளியது.

"ஏன் ஐயா இழுக்கிறீங்க?"

"நான் இழுக்கல. பாருங்க, விரலே படல. உங்க ரத்தம் தானாத் தள்ளுது."

சிசிலி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். நெஞ்சிலிருந்து வருகிற வழி. ஒவ்வொரு துடிப்புக்கும் தண்டு ஒரு நெல் அளவு ஏறியது.

"நல்ல வேகம், இல்லீங்களா?" என்றாள்.

"நல்ல வேகந்தான்" என்று சொல்லி, மரியரட்ணம் அந்த ரத்தத்தை உள்ளே திருப்பி அனுப்பினார். அது தடையில்லாமல் போனது.