பேர் கொடுத்தவள்

திண்டிவனம் பக்கத்து ஏரியில் ஒரே நாளில் மூன்று நீச்சல் போட்டி வைத்தார்கள். காலையில் இரண்டு கிலோமீட்டர், மதியம் மூன்று, சாயங்காலம் ஐந்து. எந்தப் புண்ணியவான் போட்ட திட்டமோ, அவனையே ஒருதரம் இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் நான் பேர் கொடுத்தேன். எல்லாம் என் அண்ணன் பூவரசனால்.

"விழுப்புரத்துல நல்ல எடம் வந்திருக்குது. உன்னைக் கரை சேத்துட்டா நான் நிம்மதியா நெலத்துல மல்லாட்டை வெதைப்பேன்" என்று பொழுதெல்லாம் அதே பல்லவி. கரை சேர்ப்பதாம்! நானென்ன வெள்ளத்தில் வந்த கட்டையா? எங்கள் ஊர் கெடாரில், எங்கள் கிணற்றில் எனக்கு நீச்சல் பழக்கியவனே அவன்தான். சண்டை முற்றி, கடைசியில் சொன்னான்:

"மூணுலயும் மொதல்ல வா. அப்புறம் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். நீ பாட்டுக்கு நீந்திக்கினு இரு."

எல்லோர் கையிலும் மார்க்கரால் நம்பர் எழுதி இறக்கிவிட்டார்கள். எனக்கு இடப்பக்கம் திரும்பித்தான் மூச்செடுக்க வரும். திரும்பும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கை எழுந்து இறங்கியது. என் கை எழும்போது அதுவும் எழுந்தது. அதில் நம்பர் இல்லை. போட்டியென்றால் யாராவது ஒட்டிக்கொண்டு வரத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

"கெடார் இளவரசி, முதலிடம்!" என்று என் பேரைச் சொன்னது மைக். படியேறித் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவதாக வருகிறவள் இன்னும் ஏரி நடுவில் இருந்தாள்.

மதியமும் அதே கை, அதே முதலிடம். காவல் படகில் வந்த சீனுவாசனிடம் கேட்டேன்.

"ஏங்க, என் பக்கத்துல யாரு வந்தாங்க?"

"வெயிலு கண்ணைக் கட்டுதா? நீ தனியாத்தான் வந்த. ஜல்தி போய் மோர் குடிம்மா."

அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் ஆவணியில் தாலி.

சாயங்காலம் பாதி தூரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உயிர் போகிற வலி. ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனாள். படகு எங்கேயோ இருந்தது. அழுகையோடு இடப்பக்கம் திரும்பினேன். இந்தத் தடவை முகம் தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தது, ஆனாலும் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எனக்குப் பேர் குடுக்க யாரும் இல்ல. உன் பேரைக் குடு. கரை சேத்துடறேன்."

ஆபத்துக்குப் பாவமில்லை. "எடுத்துக்கோ, ஜெயிச்சாப் போதும்" என்றேன்.

வலி சட்டென்று போய்விட்டது. அவள் என்னை முந்திப் போனாள். அவள் கையில் என் நம்பர் இருந்தது. என் கையைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அடி சண்டாளி!

விழுந்தடித்து நீந்தினேன், கரை கிட்டே வரவில்லை. மைக் அலறியது: "கெடார் இளவரசி! மூன்றிலும் முதலிடம்!" படியேறியவளுக்கு அண்ணன் துண்டைப் போர்த்திவிட்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் மேல் பேச்சு நன்றாகக் கேட்கும்.

"சொன்ன சொல்லு மாற மாட்டேன் பாப்பா. இனிமே கல்யாணப் பேச்சே கெடையாது. நீ பாட்டுக்கு நீந்து."

"தண்ணியே வேணாம்ணா" என்றாள் அவள், என் குரலில். "கரை சேந்துட்டேன், அது போதும்."

"அண்ணா!" என்று கத்தினேன். அவன் திரும்பி நேரே என்னைத்தான் பார்த்தான். பார்த்து என்ன, யாரென்று கூப்பிடுவான்? "பொழுது போச்சு, வா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருஷமும் இங்கேதான் போட்டியாம். இடப்பக்கம் திரும்பி மூச்செடுக்கிற ஒருத்தி எனக்குப் பேர் கொடுக்காமலா போவாள்?