பன்னிரண்டு வினாடி

…வீடியோவை வெட்டும் அந்தச் சிவப்புக் கோட்டினை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் போதும், அப்பா செம்பனை மரத்தில் கை வைக்கும் இடத்தோடு வீடியோ முடிந்துவிடும், அதற்குப் பிறகு வரும் பன்னிரண்டு வினாடி யாருக்கும் தெரியாது. நகர்த்தினேன். ஏழாவது ஸ்லைடில் அப்பா ஒரு நிமிடம் நடக்கிறார், பேசுகிறார், நிற்கிறார், நல்ல இடத்தில்தான் நிற்கிறார். நாளை செமோர் மண்டபத்தில் கருமாதி, திரையில் போட வேண்டும், அதற்கு முன் இன்று நான்கு மணிக்குள் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும். யுகேந்திரன் அண்ணன் கடற்படையில் இருக்கிறார், லூமுட்டிலிருந்து கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படுகிறது, சாவுக்கு வந்து போனவருக்கு இரண்டாவது முறை லீவு கிடைக்கவில்லை. காலையில் குரல் பதிவு வந்தது. “லிங்க் அனுப்பாத தனே, கடல்ல லைன் இருக்காது, வீடியோவ ஸ்லைடு உள்ளயே வச்சிரு. அப்பா பேசுறத நான் கேக்கணும் லா.” உள்ளேயே வைத்தேன். உள்ளே வைப்பது என்றால் முழுவதையும் வைப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அனுப்புமுன் ஒருமுறை திறந்து பார்த்தேன், கோட்டைச் சும்மா வலப்பக்கம் இழுத்தேன், வெட்டியதெல்லாம் திரும்ப வந்துவிட்டது. வெட்டவில்லை, மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். உயிர்மருத்துவ அறிவியல் நான்கு வருடம் படித்தவளுக்கு ஸ்லைடு என்றால் முதலில் நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிதான், கழுவினால் போய்விடும்… இது போகாது. அண்ணன் இழுத்துப் பார்ப்பாரா? பார்ப்பார், வாங்கிக் கொடுத்த ரேடியோவை அன்றைக்கே பிரித்த ஆள். வீடியோவைச் சுருக்கினால் மறைத்த பகுதி அடியோடு அழிந்துவிடும் என்கிறது மென்பொருள், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, ஒரே அழுத்து. கைபேசியில் இடமில்லாமல் மூலத்தை நேற்றே அழித்துவிட்டேன். இந்தக் கோப்பில் இருப்பதுதான் மிச்சம்.

இரண்டு மாதத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, பழைய தோட்டத்தைப் பார்க்கணும் என்றார் அப்பா, கூட்டிக்கொண்டு போனேன். ரப்பர் மரம் ஒன்றும் இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு நட்ட செம்பனை, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் இடத்தில் வீடமைப்புத் திட்டப் பலகை. “இங்கதான் உங்கண்ணன் பொறந்தான், இப்ப பாரு, பலகை பொறந்திருக்கு” என்று சிரித்தார், இது திரையில் வரும், எல்லாரும் சிரிப்பார்கள், பிறகு அழுவார்கள். மரத்தில் கை வைத்து நின்றார். மூச்சு வாங்கியது. “பாரம் கூடிப்போச்சும்மா” என்றார். எங்கள் வீட்டில் வேலைக்கு மனுப்போட நிரப்பும் படிவத்துக்கும் பாரம்தான் பெயர், அந்த வாரம் நான் பதினாறு பாரம் நிரப்பியிருந்தேன், என் தலைக்குள் வேறு ஒன்றும் இல்லை. “எல்லாத்தையும் நேத்தே அனுப்பிட்டேன்பா.” அப்பா மரத்திலிருந்து கையை எடுத்தார். “அனுப்பிட்டியா… சரி லா.” அதோடு முடிகிறது. அதோடு நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுப்படியிலிருந்து அம்மா, “அப்பா பேசுறது சத்தமா வருதா?” என்று கேட்கிறார், வருதும்மா என்கிறேன். சுடலையிலிருந்து திரும்பி வந்த அன்று அண்ணன் என்னிடம் தனியாகக் கேட்டார், அப்பா காலு அப்படி வீங்கியிருந்துச்சே, நீ படிச்ச பிள்ளை, உன்கிட்ட ஒன்னும் சொல்லலையா. இல்லண்ணே என்றேன். அவர் தலையாட்டினார், என்னை நம்பினார். அது பொய் இல்லை என்று பதினைந்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்… அப்பா சொன்னார்தான், ஆனால் எனக்கு வேறு மாதிரி கேட்டது, தப்பாகக் கேட்டதற்குப் பேர் பொய்யா? இதயம் பலவீனமானால் தண்ணீர் காலில் இறங்கும், இரண்டாம் ஆண்டுப் பாடம், தேர்வில் வந்தது, எழுதினேன்.

மூன்று நாற்பது. “இன்னும் வரலையே தனே” என்று அண்ணனின் செய்தி. சுருக்கினால் கோப்பும் சின்னதாகும், சீக்கிரம் போய்ச் சேரும், அண்ணனுக்கும் நல்லதுதான், சுட்டியை அந்தப் பொத்தான்மேல் கொண்டுபோய் வைத்தேன். அழிப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை. இந்த முறை சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினேன், அப்பாவின் குரலைக் கேட்கத் தெம்பு இல்லை. அப்பாவின் வாய் மட்டும் அசைகிறது, கூடிப்போச்சும்மா… உடனே படம் ஆடுகிறது, மரத்தை விட்டுக் கீழே இறங்குகிறது, வேட்டிக் கரை, கணுக்கால், சிலிப்பர் வார் சதைக்குள் புதைந்த பாதம், அங்கே நிற்கிறது. ஒன்று, இரண்டு. பிறகு மெதுவாக மேலே ஏறி அவர் முகத்துக்கு வருகிறது, அப்போதுதான் என் பதில். கைபேசி என் கையில்தான் இருந்தது. வேலைக்கு நிரப்பும் பாரம் என்று காதில் வாங்கியவள் எதற்காக அவர் காலைப் பார்த்தேன்?