மூன்றாவது கையெழுத்து

என் தங்கச்சிக்கு எல்லாமே தானாக வந்து மடியில் விழும். பள்ளிக்கூடத்தில் நான் முட்டி மோதிப் படித்து வாங்கிய மார்க்கை அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டே வாங்கினாள். எனக்கு இருபத்தைந்து வயதில் மூக்கில் ஏறிய கண்ணாடி அவளுக்கு ஐம்பத்திரண்டிலும் ஏறவில்லை. நான் நடத்துவதே மூக்குக்கண்ணாடிக் கடை என்பதால் இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும்.

ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. கடல் தாண்டி வந்து ஆட்சியைப் பிடித்தவர்கள் இங்கே முதன்முதலில் அச்சடித்த காகிதப் பணம். அந்த நோட்டுகளில் எண்ணைக்கூடக் கையால்தான் எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று அதிகாரிகள் இறகுப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பவை பதினொன்று. பத்தொன்பது வருடம் கடிதம் எழுதி, ஏல அறிவிப்புகளைத் துழாவி, எது யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் போட்டவள் நான். எங்கள் பழைய நோட்டு சேகரிப்போர் சங்கத்தில் அசலா போலியா என்று பேச்சு வந்தால் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பதினொன்றில், பத்து மதிப்புள்ள நோட்டு ஒன்று என்னுடையது. மூன்று வருடச் சேமிப்பைக் கொட்டி வாங்கினேன். ஐம்பது மதிப்புள்ளது மட்டும் யாரிடமும் இல்லை. அச்சடிக்கச் சொன்ன உத்தரவு இருக்கிறது, நோட்டைக் கண்ணால் கண்டவர் கிடையாது.

அந்த ஐம்பதைத் தங்கச்சி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் கடைக்குக் கொண்டுவந்தாள், கரண்ட் பில்லோடு ஒரே பிளாஸ்டிக் கவரில்.

அவளுக்குப் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை. பழைய படம் ஒன்றைப் பிரித்தபோது பின்அட்டைக்கு உள்ளே இருந்ததாம்.

"படத்துக்காரர்கிட்ட காட்டினேன்க்கா. 'குப்பைதானே, நீங்களே வெச்சுக்கங்க'ன்னுட்டார். நீ பாரு, உனக்குத்தானே தெரியும்."

லென்ஸை வைத்துப் பார்த்தேன். காகிதம் சரி, அச்சு சரி. மூன்றாவது கையெழுத்துக்கு வந்தேன். அந்த அதிகாரி தன் பெயரின் நடுவில் பேனாவைத் தூக்கி, மை தொட்டு, மறுபடி ஆரம்பிப்பார். மயிரிழை அளவு இடைவெளி இருக்கும், அதற்கடுத்த எழுத்து தடித்திருக்கும். என் பத்திலும் அப்படித்தான். இதைக் கண்டுபிடித்தவள் நான். நான் எழுதப்போகும் புத்தகத்தில் போட வேண்டும் என்று ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தேன்.

இந்த ஐம்பதிலும் அந்த இடைவெளி இருந்தது. அசல், சந்தேகமே இல்லை. எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. நான் பத்தொன்பது வருடம் தேடியதை இவள் குறட்டால் நாலு ஆணியைப் பிடுங்கி எடுத்துவிட்டாள்.

"போலி," என்றேன்.

"அச்சச்சோ. எப்படிக்கா சொல்ற?"

பொய்க்குக் காரணம் தேட நேரமில்லை. கைக்கு எட்டியதை எடுத்து வீசினேன். "மூணாவது கையெழுத்தைப் பாரு. பேரு நடுவுல பேனா நின்னிருக்கு. சொந்தப் பேரை எழுதறவன் நிறுத்துவானா? காப்பியடிக்கிறவன்தான் பயந்து பயந்து நிறுத்துவான்."

அவள் லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். முகம் வாடிப்போனது. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. "இங்கேயே வெச்சுட்டுப் போ, ஆராய்ச்சிக்காவது ஆகும்" என்று தூண்டில் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை உங்க சங்கத்துல காட்டிட்டுத் தரேன்க்கா. எல்லாரும் ஒருதடவை சிரிக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். காகிதத்தை ஓரமாகத் தடவிப் பார்த்தார். "காகிதம் அந்தக் காலத்துது. அப்படின்னா அந்தக் காலத்துப் போலியா மேடம்?" என்று கேட்டபோது அவர் கை நடுங்கியது. அந்தக் கை அப்போது யாருடைய வாய்க்குள்ளும் இல்லாதது நல்லதாயிற்று. "அப்பல்லாம் கள்ளநோட்டு அடிச்சா தூக்கு. இந்த முதல் அச்சு நோட்டுகள்ல போலியே கிடைச்சதில்லை. அசல் பதினொண்ணு இருக்கு, போலி இது ஒண்ணுதான்!"

அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அடுத்த மாத ஆண்டுக் கூட்டத்தில் அவள் நோட்டைக் காட்டிப் பேசுவாள், அது போலிதான் என்று நான் நிரூபித்துக் கட்டுரை வாசிப்பேன் என்று முடிவாயிற்று. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால் அவளிடம் இருப்பது உலகத்திலேயே ஒரே ஐம்பது. சொல்லாவிட்டால் உலகத்திலேயே ஒரே போலி.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு வீட்டுக்கு வந்தாள். மேடையில் பேச வேண்டுமே, அசல் எப்படி இருக்கும் என்று ஒருதடவை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். யோசிக்காமல் "அலமாரியில ஆல்பம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சுரீர் என்றது. டீயோடு ஓடினால், அவள் ஆல்பத்தை மூடி மடியில் வைத்திருந்தாள்.

"அக்கா, உக்காரு."

"என்னடி?"

"உன்னோட பத்துலயும் அந்த ஆள் நடுவுல நிறுத்தியிருக்கான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின நோட்டு, அதுவும் போலியாப் போச்சே! கூட்டத்துல என்னோடதைக் காட்டினா, உன்னோடதையும் யாராவது லென்ஸ் வெச்சுப் பார்ப்பாங்க. தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடறேன். கிழிச்சே போட்டுடறேன், போ. போலிதானே."

"கிழிக்காதே!" என்று கத்தினேன்.

"ஏன்?"

"கூட்டம் முடியட்டும்," என்றேன்.

அவள் போன பிறகு எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. மார்க்கும் அவளுக்கு, கண்ணும் அவளுக்கு, ஐம்பதும் அவளுக்கு. இப்போது நல்ல மனசும் அவளுக்கேவா? என் பொய்யைக் காப்பாற்ற அவள் நோட்டைத் தியாகம் செய்வாள், நான் காலம் முழுக்க அந்தப் பெருந்தன்மையின் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு நான் மானங்கெட்டுப் போவதே மேல் என்று பட்டது.

கூட்டத்தன்று முப்பது நாற்காலியும் நிறைந்திருந்தன. தங்கச்சி மைக்கைப் பிடித்து, "எல்லாரும் மன்னிக்கணும், அந்த நோட்டு..." என்று ஆரம்பித்தாள். நான் எழுந்தேன்.

"அது அசல். முதல்லயே எனக்குத் தெரியும். வயித்தெரிச்சல்ல பொய் சொன்னேன்."

மை தொட்ட கதையை, யாருக்கும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, மொத்தமாகக் கொட்டினேன். முடிந்ததும் பல் டாக்டர், "அப்போ போலி இல்லையா?" என்று கேட்டார். தன் பல்லையே பிடுங்கியது போல இருந்தது அவர் முகம்.

தங்கச்சி மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

"முதல் நாளேவா?"

"லென்ஸ் வெச்ச நிமிஷமே."

"நான் கிழிக்கறேன்னு சொன்னப்பகூட வாயைத் திறக்கலை நீ."

"கிழிக்காதேன்னு சொன்னேனே."

"நோட்டுக்காகச் சொன்ன."

கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் திரும்பி, "உன் பட்டியல்ல என் பேரைத் தப்பில்லாம எழுது" என்று முப்பது பேர் எதிரில் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அவளும் என்னைப் போல்தான் என்று.

அந்த நிம்மதி வீட்டுக்கு வந்து சேரும்வரைகூட நிற்கவில்லை. பன்னிரண்டாவது வரியில் அவள் பெயரைத் தப்பில்லாமல் எழுதினேன். ஐம்பது, நல்ல நிலை, அசல்.

ஆறு வாரம் ஆகிறது. போன் எடுப்பதில்லை. கடைக்குப் போனால், அளவெடுக்கிறேன், ஆணி அடிக்கிறேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் ஐம்பதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நேற்று பல் டாக்டர் போயிருந்தாராம். மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாற்ற வந்தவர், முக்கால் மணி நேரம் பார்த்தேன் என்று பூரித்துப்போய்ச் சொன்னார். எனக்கு அந்த ஸ்க்ரூவை அவர் தலையில் முடுக்கலாம் போல இருந்தது. நோட்டை விடுங்கள், அது எனக்கு மனப்பாடம். அவருக்கு அவள் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாளாம்.