நெஞ்சுக்கு முன்னால்

"ஆம்பளைங்க எல்லாரும் வெளிய போங்க. எந்தம்பிய நானே தொடைக்கேன்" என்று சொல்லிவிட்டு ரோசி வெந்நீர்ச் சட்டியைக் கட்டிலருகே இழுத்து வைத்தாள். ஆண்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். தாயில்லாப் பிள்ளையாய் அவளிடம் வளர்ந்தவன் மத்தியாஸ். இடுப்பில் அவனைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் அவள் நடந்ததைப் பார்த்த கிழடுகள் இன்னும் அந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்தார்கள்.

தேவிகுளம் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் விடியும்போதுதான் வந்தது. அறுத்துத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். சாக்குத் தைத்ததுபோல் ஓடிய அந்தத் தையலைப் பார்க்காமலே முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். நெஞ்சின் குறுக்கே வளைவாக ஏதோ கறுப்பாக இருந்தது. அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் தேய்த்தாள். போகவில்லை. துணியை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்து, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

"மயினி, அது போகாது" என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஞானஜோதி. மத்தியாஸின் மனைவி விடிந்ததிலிருந்து பேசிய முதல் வார்த்தை அது.

அப்புறம்தான் ரோசிக்குப் புரிந்தது. அது ஸ்டியரிங்கின் வளைவு.

முந்தின நாள் காலையில் மேனேஜர் துரையைக் காரில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போனவன் மத்தியாஸ். பள்ளிவாசல் தாண்டி, மழையில் ஊறிக் கிடந்த ஒரு வளைவில் வண்டி வழுக்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். வண்டி பாறையில் மோதி நின்றது. பின்சீட்டில் இருந்த துரைக்கு நெற்றியில் ஒரு வெட்டு. முன்னால் இருந்தவனுக்கு உயிர் போய்விட்டது.

உடல் வீடு வருவதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டது. டிரைவர் தூங்கிவிட்டான் என்று துரை போலீசில் சொன்னாராம். ஆபீஸ் கிளார்க் கடைத்தெருவில் சொன்னான், கடைக்காரன் லயத்தில் சொன்னான். தூங்கிவிட்டான் என்பது சாயங்காலத்துக்குள் குடித்திருந்தான் என்று ஆகிவிட்டது.

"காலையில பாட்டு மொனங்கிக்கிட்டுத்தான் கெளம்புனாக" என்றாள் ஞானஜோதி. "தூக்கக் கலக்கத்துல இருக்கறவுக பாடுவாகளா, மயினி?"

ரோசி சட்டைப் பித்தான்களை மாட்டினாள். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. அந்த வளைவு அதற்குள் மறைந்ததும் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாக மறைகிறதே என்று.

பெட்டி வந்தது. மாதா கோவில் சாமியார் மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பாத்திரம் அலம்பிய தண்ணீரைக் கொட்ட ரோசி வீட்டுக்குப் பின்னால் போனபோது, கார் ஷெட் மெக்கானிக் சுருளிவேல் அங்கே நின்றுகொண்டிருந்தான். மத்தியாஸோடு ஒரே தட்டில் சாப்பிட்ட கூட்டாளி.

"அக்கா, தூங்கிட்டான்னு சொல்றானுவ. நான் போயி வண்டியப் பாத்தேன். தூங்குனவன் பள்ளத்துக்குள்ளல்ல போயிருப்பான்? மலப்பக்கம் ஒடிச்சுத் திருப்பியிருக்கான். சக்கரத்தப் பாத்தா சின்னப் பிள்ளைக்கே தெரியும்."

"இத நீ தொரைகிட்டச் சொல்லவேண்டியதுதான?"

"சொன்னேன். உன் வேலையப் பாருன்னாரு." சுருளிவேல் கீழே பார்த்தபடி நின்றான். "இன்னொண்ணு இருக்குக்கா. அந்தக் காருல முன்சீட்டுல வார் இருந்திச்சு, தெரியுமா?"

"என்ன வாரு?"

"நெஞ்சுக்குக் குறுக்க போட்டு இடுப்புல மாட்டுற வார். சீமையில இருந்து வந்த வண்டில்ல. பழைய வெள்ளக்காரத் துரை இருக்கும்போது, அதப் போடாம மத்தியாஸ் சாவியத் தொட்டதில்ல. பங்களாவுல இருந்து பாக்டரி வரைக்கும் போனாக்கூடப் போடணும். மோதுனா ஆளு முன்னால போகாம அது இழுத்துப் பிடிக்கும்."

"பெறகு?"

"இந்தத் துரை வந்த புதுசுல பாத்துட்டுச் சிரிச்சாரு. 'என்னடா, மாட்டக் கட்டுன மாதிரி கட்டிட்டு உக்காந்திருக்க? உன் ஓட்டத்து மேல உனக்கே நம்பிக்க இல்லியா? வர்ற விருந்தாளியெல்லாம் பயப்படுறாங்க'ன்னாரு. மறுநாளே கழட்டச் சொல்லிட்டாரு. மத்தியாஸ் ரெண்டு தடவ கேட்டுப் பாத்தான். வேலைய விட்டுப் போறியான்னு கேட்டாரு. அந்த வாரு இப்ப ஷெட்டுல தண்ணி மோட்டாரத் தூக்கிக் கட்டக் கெடக்கு."

ரோசி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அதைத் தூக்கி எங்கேயாவது எறிந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

சாமியார் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் வந்தது. துரை இறங்கினார். நெற்றியில் வெள்ளைக் கட்டு. மதராஸ்காரர், நல்ல உயரம், தலை குனிந்து நடக்கும் பழக்கமில்லாதவர். லயத்து வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. கூட வந்த உதவி மேனேஜர் சின்னத்துரை மலர் வளையத்தைப் பெட்டியின்மேல் வைத்தான். படிப்பு முடித்து நேராக எஸ்டேட்டுக்கு வந்த பிள்ளை. முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. எங்கே நிற்பது, யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ரோசியிடம் வந்தான்.

"ரொம்பப் பாவம்மா. அமெரிக்காவுல இதுக்கே ஒண்ணு கண்டுபிடிச்சிட்டாங்க. பத்திரிகையில படிச்சேன். ஸ்டியரிங்குக்குள்ள ஒரு பைய மடிச்சு வச்சிருப்பாங்க. வண்டி மோதின உடனே அது வெடிச்சு வெளிய வந்து, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள உப்பிடும். டிரைவரோட நெஞ்சு ஸ்டியரிங்ல மோதாது. தலகாணியில விழுந்த மாதிரி அந்தப் பையில விழும். உடனே காத்து எறங்கிடும். ஆளு பொழைச்சுக்குவான். இப்பத்தான் ஒண்ணு ரெண்டு கார்ல வைக்க ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம நாட்டுக்கு வர எவ்வளவு காலமாகுமோ."

ரோசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது ஒவ்வொன்றும் அவளுக்கு விளங்கியது.

"அந்தப் பைய எதுக்குத் தம்பி அமெரிக்காவுல தேடுதீக?" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனாலும் வாசலில் நின்றவர்கள் வரை கேட்டது. "ஒங்க தொரை இன்னிக்கு எந்திரிச்சு நடந்து வந்திருக்காரே, எப்படி? அவரு போயி விழுந்தது எந்தம்பி முதுகுல. அவருக்கு முன்னால ஒரு பை இருந்திச்சு. அதுக்குப் பேரு மத்தியாஸ்."

பெண்கள் முணுமுணுப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த செபமாலை நின்றுபோயிற்று.

"ரோசி, துக்கத்துல பேசுற" என்றார் துரை. "எனக்கும் வருத்தம்தான்."

"எந்தம்பிக்கு முன்னால இருந்த வார எதுக்குங்க கழட்டச் சொன்னீக?"

துரையின் பார்வை கூட்டத்தில் சுருளிவேலைத் தேடியது. அவன் ஒளியவில்லை. முன்னால் வந்து நின்றான்.

"இங்க பாரும்மா. பெல்ட் போடணும்னு இந்த நாட்டுல எந்தச் சட்டமும் இல்ல. ஊர்ல ஓடுற எந்த வண்டியிலயும் அது கிடையாது."

"எல்லா வண்டியிலயும் இல்லன்னு எனக்குந் தெரியும். இந்த வண்டியில இருந்திச்சுல்ல? இருந்தத என்னத்துக்குப் பிடுங்குனீக? அவன் கேட்டானா இல்லியா?"

துரை நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தூங்கிட்டான்னு சொன்னீகளாம். தூங்குனவனா ஒங்கள மலப்பக்கம் கொண்டுபோயி நிறுத்துனான்? இந்தா கெடக்கான். அவன் முகத்தப் பாத்து, தூங்குனான்னு இன்னொருக்கச் சொல்லுங்க. நாங்க கேட்டுக்கிடுதோம்."

"எதுவா இருந்தாலும் விசாரணையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துரை வெளியே போனார். அவர் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

அப்போது ஞானஜோதி எழுந்தாள். மலர் வளையத்தைப் பெட்டியின்மேலிருந்து இரண்டு கையாலும் எடுத்து, பூ உதிராமல் கொண்டுவந்து சின்னத்துரையின் கைகளில் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, கண் கலங்கி, வெளியே போனான்.

சாமியார் வந்து செபம் முடித்ததும் பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறைத் தோட்டம் எஸ்டேட் ரோட்டில் இறக்கத்தில் இருந்தது. அன்றைக்குக் கொழுந்து பறிக்க யாரும் போகவில்லை. இந்துக்கள், வேதக்காரர்கள் என்றில்லாமல் எல்லா லயத்து ஆட்களும் ரோடு கொள்ளாமல் நடந்தார்கள். பங்களாவுக்கும் அதே ரோடுதான். ஆபீசில் இருந்துவிட்டுத் திரும்பிய துரையின் ஜீப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை அடித்தபோது முன்னால் போனவர்கள் நடையை இன்னும் மெதுவாக்கினார்கள். ஜீப்பும் ஊர்ந்தது.

ரோசி நின்றாள். கூட்டத்தை விட்டு விலகி ஜீப்பை நோக்கி நடந்தாள். துரை முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வேறெங்கோ பார்த்தார். அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. டிரைவர் பக்கம் போனாள்.

புது டிரைவர் சகாயம். நேற்றுவரை லாரியில் கிளீனராக இருந்தவன். அவளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டுப் பயந்துபோய் ஸ்டியரிங்கை அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"நான் அடிக்கலக்கா. அடிக்கச் சொன்னாக" என்றான்.

ரோசி கையை உள்ளே நீட்டி, அவன் சட்டைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தாள். கை கொள்ளவில்லை.

"பின்னால தள்ளி உக்காரு."

அவன் நகர்ந்தான்.

"இன்னும்" என்றாள்.