தம்பதியர் என்று அச்சான பெயர்

லண்டனின் ஹரோ பகுதியில் மாதந்தோறும் நடைபெறும் எங்கள் தமிழர் ஒன்றுகூடலுக்குச் செய்திமடல் தொகுப்பவள் நான். வருகை தந்தோரின் பெயர்களைப் பழைய பட்டியலைப் பார்த்தே தட்டச்சுச் செய்வது என் வழக்கம். அவ்வாறே இம்முறையும் "சிவகடாட்சம் தம்பதியர்" என்று அச்சாகிவிட்டது. சிவகடாட்சம் ஐயா ஏப்ரலில் காலமானவர். அதன் பின்னர் அவருடைய மனைவி பாலாம்பிகை அக்கா கலந்துகொண்ட முதல் நிகழ்வு அது. இனி அவர் வரவே மாட்டாரோ என்று அஞ்சி, மன்னிப்புக் கேட்க அவருடைய வீட்டுக்குச் சென்றேன்.

கதவைத் திறந்தவரின் கையில் அந்த மடல் இருந்தது.

"அக்கா, பெரிய பிழை விட்டிட்டன். தயவுசெய்து மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"உயிரோடை இருக்கேக்கை ஒருக்காலும் வராத மனிசன். கார் விட இடமில்லை எண்டு டிவிக்கு முன்னாலை இருந்திடுவார். நீர்தான் பிள்ளை மாசாமாசம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்!"

அவர் சிரித்தார்; கண்கள் கலங்கியிருந்தன.

"திருத்தம் போடட்டோ அக்கா?"

"வேண்டாம், இந்த ஒருக்கா இருக்கட்டும். அடுத்த மாசம் பாலாம்பிகை எண்டு மட்டும் போடும். வடை நான் கொண்டுவாறன், அதையும் சேர்த்துப் போடும்."